ட்ரங்குப் பெட்டியில் இருப்பதும் சுவடிதான்

பர்மாத் தமிழர் வீடுகளில் இருக்கிற கையெழுத்து நோட்டுகளுக்கு இன்னும் பத்துப் பதினைந்து மழைக்காலம்தான் ஆயுள். புத்தகம் தைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். யாங்கோன் நகரத்துக்குள் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் தொழில் கற்றேன். பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் லைங் தாயாவில் சின்னதாகக் கடை போட்டேன். பள்ளிக்கூட நோட்டு, கம்பெனி ரசீதுப் புத்தகம், கோயில் கணக்குப் பேரேடு என்று இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளின் மூலையை மடித்து நிமிர்த்தினால் அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கை சொல்லிவிடும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கொண்டுவரும் பழைய நோட்டுகளில் பெரும்பாலானவை ஒரு மடிப்பைக்கூடத் தாங்குவதில்லை. மூலை கையோடு வந்துவிடுகிறது.

சுவடி என்றாலே பனையோலை என்றும், ஓலை என்றாலே சங்கப் பாடல் என்றும் தமிழ்நாட்டில் நினைக்கிறார்கள். ஓலைகளுக்கு அந்த மரியாதை தகும். உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் ஊர் ஊராகத் தேடியிராவிட்டால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. தஞ்சையில் சரசுவதி மகால் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேர்த்த சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையும் நடக்கிறது. நடக்கட்டும்.

என் கவலை வேறு. எது பழையதோ அதை முதலில் படமெடுக்க வேண்டும் என்ற வரிசையே தவறு. எது முதலில் சாகப்போகிறதோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பதமாக வேகவைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் பூசி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய ஓலை முந்நூறு ஆண்டுகூட நிற்கும். 1930களின் மலிவுக் காகிதம் அப்படி நிற்காது. மரக்கூழில் செய்த அந்தத் தாளுக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. அது வெளியிலிருந்து எந்தப் பூச்சியும் வராமலே தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரத்தில் நடுமடிப்பில் அடித்த இரும்பு ஊசி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் தின்றுவிடும். மைதாப் பசை ஒட்டிய முதுகில் கரப்பானும் இராமபாணமும் குடியேறும். பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டிய பழைய பைண்டர்களின் புத்தகங்கள் மட்டும் கொஞ்சம் தப்பித்திருக்கின்றன. ஆகவே 1938இல் எழுதிய நோட்டு, 1738இல் எழுதிய ஓலைக்கு முன்னால் போய்ச்சேரும். எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 1938இன் நோட்டுகள்தான்.

என்ன நோட்டுகள் என்று கேட்பீர்கள். கூத்து வாத்தியார்கள் எழுதிவைத்த அரிச்சந்திரன், வள்ளி திருமணம் நாடகப் பிரதிகள். தீமிதிக்குப் பாடும் பாட்டுகள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக் குறிப்பு. கோயில் வரவுசெலவு. வயல் குத்தகைச் சிட்டை. கப்பலில் வந்த கடிதங்கள். முஸ்லிம் குடும்பங்களில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாட்டு. இதில் எதற்கும் அச்சுப் பிரதி கிடையாது. எழுதியவர் கையில் இருந்த ஒன்றே ஒன்றுதான்.

லைங் தாயா 1989இல் உருவான பேட்டை. வெளியே இருப்பவர்களுக்கு இது தையல் ஆலைகளின் ஊர். நகரத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள், வேலை தேடி வந்தவர்கள், 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைத் துடைத்துப் போட்டபோது ஒதுங்கி வந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் குடியேறினார்கள். அவர்களோடு சில தமிழ்க் குடும்பங்களும் வந்தன. கழிமுகத்துக் கிராமங்களில் மூன்று தலைமுறையாக நெல் விதைத்தவர்கள் தலையில் சுமந்து வந்த தகரப் பெட்டிக்குள் இந்த நோட்டுகள் இருக்கின்றன. ஆகவே லைங் தாயா ஆலை ஊர் மட்டுமல்ல, ஒரு சுவடி ஊரும்கூட என்று நான் துணிந்து சொல்வேன்.

எனக்குப் பழுதுபார்க்க வந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கழிமுகக் கிராமத்து அம்மன் கோயிலின் கணக்கு. விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு, உடுக்கைக்காரருக்கு இவ்வளவு, நெல் வரவு இத்தனை கூடை என்று வரிசையாக எழுதியிருக்கிறது. எண்ணெல்லாம் ௧, ௨, ௩ என்று தமிழில். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ரூபாய்க்கு ௹. அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்கும் தனித்தனிக் குறி. நன்கொடை கொடுத்தவர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே பர்மியப் பெயர்களும் கரேன் பெயர்களும் இருந்தன. பக்கத்து வயல்காரர்களாக இருக்க வேண்டும். ஒரு கிராமம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எந்த அரசுக் கோப்பில் கிடைக்கும்?

1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு வட்டிக் கடையின் பக்கத்திலிருந்து பார்த்தது. அதே வயலில் நாற்று நட்ட தமிழ்க் கூலிக் குடும்பம் என்ன சாப்பிட்டது, எந்தச் சாமியைக் கும்பிட்டது, யாரிடம் கடன்பட்டது என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. இந்த நோட்டுகள்தான் சொல்கின்றன.

பிரதி எடுத்துவைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. பாகனில் மியின்கபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டுக் கல். மேலே கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் செய்யுள், கீழே தமிழ் உரைநடை. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்ற வணிகர், பாகனிலிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. எண்ணூறு ஆண்டுக்கு முந்தி இங்கே ஒரு தமிழ் வணிகர் கோயில் இருந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? கல் இருந்ததால் மட்டும் அல்ல. ஒருவர் அதற்கு மைப்படி எடுத்தார். ஹுல்ட்ஷ் என்ற அறிஞர் அந்தப் படியை வாசித்து, 1902–03க்கான எபிகிராபியா இண்டிகா ஏழாம் தொகுதியில் வாசகத்தோடும் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். அன்றைக்கு அந்த மைப்படி செய்த வேலையை இன்றைக்குக் கைப்பேசிப் படம் செய்ய வேண்டும். படி எடுப்பது, வாசிப்பது, பல இடங்களுக்கு அனுப்புவது என்று மூன்றும் நடந்ததால்தான் அந்தக் கல் நம் வரலாற்றில் சேர்ந்தது.

மூன்றும் நடக்காதவை என்ன ஆயின? 1885இல் ஆங்கிலேயர் மாந்தளையைப் பிடித்தபோது அரண்மனை ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்தது. எஞ்சிய அரண்மனையும் 1945 மார்ச்சில் போரில் எரிந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள். இரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்தவர்தான். தூக்க முடியாததையெல்லாம் விட்டுவிட்டுத்தான் நடக்க முடியும், முதலில் விடப்படுவது காகிதம். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பலேறியவர்களும் அப்படியே போனார்கள். யாழ்ப்பாணத்தில் 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் போயின. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கம் மாந்தளையையும் சகாயிங்கையும் உலுக்கியபோது, பழைய மடாலயங்கள் இடிந்து விழும் படங்களைப் பார்த்து எனக்கு முதலில் மனிதர்களும், அடுத்து அந்த மடங்களின் ஏட்டுப் பெட்டிகளும்தான் நினைவுக்கு வந்தன.

இந்த நாட்டில் ஏடுகளுக்கு மரியாதை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். பர்மிய ஓலைகளின் கடைசியில் எழுதி முடித்த நாளோடு நேரத்தையும் குறிப்பார்கள். ஓலைக் கட்டைச் சுற்றும் நாடாவிலேயே கொடையாளியின் பெயரையும் வேண்டுதலையும் நெய்துவைப்பார்கள். யாங்கோன் பல்கலைக்கழகங்களின் மத்திய நூலகத்தில் ஓலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதன் நூலகராக நெடுங்காலம் இருந்த ஊ தோ காவ் அந்த மரபைக் காப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். தட்டோனில் ஊ போ தி நூலகத்து ஓலைகளை வெளிநாட்டு அறிஞர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து படமெடுத்து விவரப்பட்டியலும் போட்டார்கள். இன்னொரு பக்கம், கட்டைப் பிரித்து ஒற்றை ஓலைகளாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற கடைகளும் இருந்தன. அப்படிச் சந்தைக்கு வந்த பர்மிய ஓலைகளைக் காப்பாற்றத்தான் 1994இல் பாங்காக்கில் ஓர் அறக்கட்டளையே தொடங்க வேண்டியிருந்தது. பர்மிய ஓலைக்குக் கவலைப்பட மடமும் அறிஞரும் இருக்கிறார்கள். பர்மாத் தமிழ் நோட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

இதற்கு நடுவே ஒரு கடினமான விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பேசுபவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் விரித்தே சொல்கிறேன். எங்கள் வீடுகளில் பழைய காகிதம் தப்பியிருப்பதற்குக் காரணம் தமிழ்ப் பற்று மட்டும் அல்ல, பயமும்தான். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1823க்கு முன்பே இந்த மண்ணில் இருந்த இனத்தவர் முழுக் குடிமக்கள். மற்றவர்கள் வேறு படிகளில் நிற்க வேண்டும். முன்னோர் 1948 ஜனவரி 4க்கு முன் இங்கே வந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியவர்கள் எங்களில் ஏராளம். ஆகவே தாத்தா பெயர் எழுதிய கோயில் ரசீது, குத்தகைச் சீட்டு, கடன் பத்திரம் எல்லாவற்றையும் பதிவு அட்டையோடு ஒரே பெட்டியில் பூட்டிவைத்தார்கள். பெட்டி பூட்டிக் கிடந்ததால் நோட்டும் பிழைத்தது. 2021 மார்ச்சில் லைங் தாயாவில் ராணுவச் சட்டம் வந்து, மூட்டை முடிச்சோடு ஜனங்கள் கிளம்பியபோதும் அந்தப் பெட்டிகள் கூடவே போயின.

அப்படிப்பட்ட பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் படமெடுத்து இணையத்தில் போட்டுவிடுவது சேவை ஆகாது. ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இது: “தம்பி, படம் எடுத்துக்கங்க, வேணாங்கல. ஃபேஸ்புக்குல மட்டும் போட்டுறாதீங்க. எங்க அத்தை கடன்பட்டது ஊருக்கெல்லாம் தெரியணுமா?” அவர் கேட்டதில் ஒரு நூலக விதியே அடங்கியிருக்கிறது. படம் எடுப்பது வேறு, பாதுகாப்பது வேறு, எல்லாருக்கும் காட்டுவது வேறு. கூத்துப் பாட்டையும் மருந்துக் குறிப்பையும் உடனே காட்டலாம். கடன், நிலம், குடியுரிமை பற்றியவற்றைப் பூட்டிய கோப்பாக வைத்து, குடும்பம் சொல்லும் காலம் வரை காத்திருக்க வேண்டும். இந்த உறுதியை எழுதிக் கொடுக்காத எந்த நிறுவனத்துக்கும் எங்கள் வீடுகள் கதவு திறக்கக் கூடாது. மூல நோட்டும் எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோவதை நான் ஏற்க மாட்டேன். அது அந்தக் குடும்பத்தின் சான்று.

அடுத்தது வேலை. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். லைங் தாயாவில் தையல் ஆலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது, அதில் நல்ல கேமரா இருக்கிறது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போனை ஒரு மரச்சட்டத்தில் நேராக நிறுத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுத்தால் போதும். அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தின் மூலையில்தான் சில நேரம் தேதி இருக்கும். வெள்ளையாக்கிக் காட்டும் ஸ்கேன் செயலிகள் மங்கிய மையை அழித்துவிடும், அவை வேண்டாம். படமெடுத்த அன்றே கோப்புக்குப் பெயரிட வேண்டும். எந்த வீடு, என்ன நோட்டு, எத்தனையாவது பக்கம் என்று ஒரு பட்டியல் இல்லாவிட்டால், ஆயிரம் படம் இருந்தும் ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

ஒரு விஷயத்தில் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். பழைய தாளை லாமினேட் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தோடு தாத்தாவின் கடிதத்தை பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சுட்டுக் கொண்டுவருகிறார்கள். உள்ளே இருக்கும் அமிலம் வெளியே போக வழியில்லாமல் தாள் உள்ளேயே பழுத்துப் போகிறது. பிறகு அதைப் பிரிக்க எந்த பைண்டராலும் முடியாது. செலோடேப்பும் அப்படித்தான். சில வருஷத்தில் டேப் உரிந்து விழும், அதன் பசை மட்டும் பழுப்புக் கறையாக எழுத்தின் மேல் தங்கிவிடும்.

பட்டியலை யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். மியன்மாரில் நெடுங்காலம் ஸோஜி என்ற எழுத்துரு ஆண்டது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறியதும் பழைய கோப்புகள் எல்லாம் புதிய போன்களில் கோணல்மாணலாகத் தெரிந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த தமிழுக்கும் இதே கதிதான் என்பதைப் புலம்பெயர்ந்தவர்கள் அறிவார்கள். அதே 2019இல் மாகாணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளுக்கும் யூனிகோடில் இடம் கிடைத்தது. அந்த அம்மன் கோயில் கணக்கை இப்போது உள்ளது உள்ளபடியே கணினியில் எழுத முடியும். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். பர்மியப் பள்ளியில் படித்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. ஆகவே படமெடுக்கும்போதே பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லி அதே போனில் பதிவு செய்யுங்கள். கூத்துப் பாட்டாக இருந்தால் பாடச் சொல்லுங்கள். மெட்டு எந்த நோட்டிலும் எழுதியிருக்காது. கணினியே கையெழுத்தை வாசிக்கும் காலம் வருகிறது என்கிறார்கள். வரட்டும், அதற்குப் பழக்கிக் கொடுக்கவும் இந்தக் குரல்கள் வேண்டும்.

எடுத்த படங்கள் எங்கே போகும்? இதில்தான் நாங்கள் முட்டி நிற்கிறோம். இங்கே மின்சாரம் முறைவைத்து வருகிறது, இணையம் நம்பும்படி இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் நாட்டுக்குள் இருந்தால் இன்னொன்று வெளியே இருக்க வேண்டும், மூன்றாவது வேறொரு நாட்டில் இருக்க வேண்டும். ஈழத் தமிழர்கள் இந்தப் பாடத்தைத் தீயில் கற்றார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எந்த அரசையும் எதிர்பார்க்காமல், தன்னார்வலர்களை வைத்தே இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சாதாரணக் குடும்ப ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்தது. சென்னை ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஒரு மனிதர் சொந்தமாகச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் பிறந்தது. நான் இந்த இரண்டையும் பெரிதாக மதிப்பது இதனால்தான். பெரிய மனிதர்களின் ஏட்டை மட்டும் தேடாமல், சாதாரணக் காகிதத்தையும் அவை குப்பை என்று தள்ளவில்லை.

தமிழ்நாடு அரசிடம் நான் கேட்பது பணம் அல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. பர்மாத் தமிழ் ஆவணங்களுக்கென்று ஒரு பிரிவு, பொறுப்பான ஓர் அலுவலர், குடும்பத்தின் நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திடும் ஒரு பக்க ஒப்பந்தம், வருகிற ஹார்ட் டிஸ்க்கைப் படியெடுத்துத் திருப்பித் தரும் ஏற்பாடு ஆகிய நான்கும் போதும். ஒவ்வொரு ஜனவரி 12 அன்றும் சென்னையில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். மேடையும் விருந்தும் இருக்கட்டும். வாசலில் ஒரு மேசை போட்டு, பர்மா, மொரீசியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கா என்று எங்கிருந்து வருபவரும் தம் ஊர் ஆவணப் படங்களை ஒப்படைக்க வழி செய்யுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் சென்னை, திருச்சி, மதுரைப் பக்கத்து பர்மா காலனிகளில் இருப்பவர்களுக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கும். எங்கள் பேரேடுகளின் மறுபாதி உங்களிடம் இருக்கிறது. இங்கிருந்து போன கடிதம் அங்கே, அங்கிருந்து வந்த பதில் இங்கே. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு மரப்பெட்டியை விற்கும்போது உள்ளே இருக்கும் காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள். போன் எடுத்துப் படம் பிடியுங்கள், எந்த ஊர், யார் வீடு என்று எழுதுங்கள், இரண்டு இடங்களுக்கு அனுப்புங்கள். பர்மாவில் உங்கள் குடும்பம் இருந்த ஊர்ப் பெயர் மட்டும் நினைவிருந்தாலும் அதையும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெயரை வைத்து நாங்கள் இங்கே தேடுகிறோம்.